பாம் மெழுகில் மெழுகுவர்த்தி: சூடாக ஊற்றி, மெதுவாக ஆறவிடும் வேலை

சோயா மெழுகுக்குச் சொன்ன முறையில் பாம் மெழுகை வார்த்தால் வெளிறிப்போய், திட்டுத் திட்டாக, உள்ளே பொத்தலோடு ஒரு கட்டிதான் கிடைக்கும். குறை மெழுகில் இல்லை. சோயாவை 55, 60 டிகிரிக்கு ஆறவைத்து ஊற்றச் சொல்வார்கள். அந்தச் சூட்டில் பாம் மெழுகு பாத்திரத்திலேயே உறையத் தொடங்கிவிடும். இதை 95 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஊற்றி, போர்த்தி வைத்து, அவசரப்படாமல் ஆறவிட வேண்டும். அப்படிச் செய்தால் மேற்பரப்பில் இறகு போலவும் பனிப்பூ போலவும் படிகக் கோலம் தானாக விழும். கொழுப்பு மெதுவாக ஆறும்போது படிகம் பெரிதாக வளர நேரம் கிடைக்கிறது, அதுதான் காரணம். இந்தக் கோலத்துக்காகத்தான் பாம் மெழுகை வாங்குகிறோம். அது வேண்டாமென்றால் வேறு மெழுகு வாங்குவதே சுலபம்.

கீழே வரும் டிகிரிகள் எல்லாம் செல்சியஸ். முதல் தடவை செய்பவர்கள் அரை நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். உருக்க ஒரு மணி நேரம், ஊற்றிவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் பக்கத்திலேயே இருக்கும் வேலை, அதன்பின் ஒரு ராத்திரி ஆறல். வாசனை முழுதாக வர இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.

1. சரியான மெழுகைக் கேட்டு வாங்குங்கள்

முதல் குழப்பம் பெயரில். ‘பாம்’ என்றதும் நம் ஊர்ப் பனை நினைவுக்கு வரும். இது அதுவல்ல. பாமாயில் தரும் எண்ணெய்ப்பனையின், மலேசியத் தமிழர்கள் செம்பனை என்று சொல்லும் மரத்தின், எண்ணெயிலிருந்து வருவது. அந்த எண்ணெயின் கெட்டியான பகுதியை ஹைட்ரஜன் ஏற்றி இன்னும் இறுக்கியிருப்பார்கள். பெரும்பாலும் மலேசியா, இந்தோனேசியா சரக்கு. பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகையும் சிலர் ‘பாம் வாக்ஸ்’ என்று எழுதி விற்கிறார்கள். கார் பாலிஷுக்குப் போகும் அந்த மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். மெழுகுவர்த்திக்கு முழுசாக அதையே போட முடியாது.

கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. உருகுநிலை என்ன? 55-க்கும் 62-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கோலம் விழும் வகையா, விழாத வகையா? இரண்டும் வருகின்றன, பார்வைக்கு ஒரே மாதிரி வெள்ளைச் செதிலாக இருக்கும். ஜாடியில் ஊற்றுவதா, அச்சில் வார்த்து எடுப்பதா? அச்சு வகை கொஞ்சம் கெட்டி, நன்றாகச் சுருங்கும், அதனால் அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரும்.

இன்னொரு பொறி ஸ்டியரிக் ஆசிட் செதில். பாரஃபின் மெழுகைக் கெட்டியாக்கச் சேர்ப்பது அது. அதுவும் பாமாயிலிலிருந்து வருவதுதான், அதுவும் வெள்ளைச் செதில்தான். ‘பாம் ஸ்டியரின்’, ‘பாம் ஸ்டியரிக்’ என்று பொட்டலத்தில் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு ‘மெழுகுவர்த்திக்கான பாம் வாக்ஸ்’ என்று கேளுங்கள். வனஸ்பதியை உருக்கி ஊற்றும் வீடியோக்களையும் நம்ப வேண்டாம். வனஸ்பதி 31-இலிருந்து 41 டிகிரிக்குள் உருகிவிடும். சித்திரை வெயிலில் அது மெழுகுவர்த்தியாக நிற்காது.

பாமாயிலுக்காகக் காடழிக்கப்படுவது மனதை உறுத்தினால், சூழலைக் கெடுக்காத பாமாயிலுக்காக 2004-இல் தொடங்கிய ஆர்எஸ்பிஓ அமைப்பின் சான்று உள்ள மெழுகா என்று கேட்டு வாங்கலாம். விலை கூடுதலாக இருக்கும். சில்லறையாகப் பிரித்துக் கட்டிய பொட்டலத்தில் அந்த முத்திரை இருக்காது, எனவே மூட்டையின் விவரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

எடுத்த எடுப்பில் 2 கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். அது சோதனைக்கே போய்விடும்.

2. சாமான்கள்

முதலில் தெர்மாமீட்டர். நுனியை மெழுகுக்குள் விடும் டிஜிட்டல் கம்பி வகை வேண்டும். துப்பாக்கி போல நீட்டும் வகை மேற்பரப்பை மட்டும் அளக்கும், பளபளப்பான எவர்சில்வர் மேல் தப்பாகவே காட்டும். காய்ச்சல் பார்ப்பது 42 டிகிரியோடு நின்றுவிடும். வாங்கியதும் கொதிக்கும் தண்ணீரில் விட்டுச் சரிபாருங்கள். சமவெளியில் 100-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும்.

தராசு 1 கிராம் துல்லியத்தில் இருந்தால் போதும். சாயத்துக்கு மட்டும் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு தேவை. மெழுகு, வாசனை எண்ணெய் எதையும் கரண்டிக் கணக்கில் அளக்காதீர்கள்.

உருக்க, மூக்கு வைத்த எவர்சில்வர் அல்லது அலுமினியக் கூஜா. செம்பு, பித்தளை வேண்டாம், மெழுகிலுள்ள கொழுப்பமிலம் அதோடு சேர்ந்து பச்சை ஏறும். அந்தக் கூஜா உட்காரும் அளவுக்கு ஒரு பெரிய பாத்திரம். மெழுகுக்கு எடுத்த பாத்திரம் பிறகு சமையலுக்குத் திரும்பக் கூடாது. அடுப்பு இண்டக்‌ஷனாக இருந்தால் நல்லது. கேஸ் அடுப்பில் வழிந்த மெழுகு நேராகத் தீயில் விழும்.

ஜாடி வாங்கும்போது அடி கனத்த, சூடு தாங்கும் கண்ணாடியா என்று பாருங்கள். டீக்கடை டம்ளர், ஊறுகாய் பாட்டில், மெல்லிய வைன் கிளாஸ் எல்லாம் கழித்துவிட வேண்டியவை. வாய் குறுகி வயிறு பெருத்த ஜாடியும் வேண்டாம், தோள்பட்டையில் சூடு தேங்கும். அச்சென்றால் அலுமினியம் அல்லது தகரம். சிலிக்கான் அச்சில் கோலம் சரியாக விழாது, அது நெளிவு சுளிவான உருவங்களுக்குத்தான் பொருந்தும்.

திரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாம் மெழுகு உருகினால் எண்ணெய் கனம். பாரஃபினுக்கு ஒத்துவந்த திரி இதை இழுக்கத் திணறும், சுடர் சிறுத்து மூழ்கிவிடும். ஆகவே பாரஃபினுக்குப் போடுவதைவிட ஓர் அளவு தடித்த பருத்திப் பின்னல் திரியில் தொடங்குங்கள். அச்சில் வார்க்கும் தூணுக்குச் சதுரப் பின்னல், ஜாடிக்குத் தட்டைப் பின்னல். கடைக்குக் கடை எண் வேறு, ஒருவருடைய ‘6’ இன்னொருவருடைய ‘3’. அதனால் ஒரே கடையில் அடுத்தடுத்த மூன்று அளவு வாங்கி, மூன்றையும் எரித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

இவை போக திரியின் அடித்தகடு, திரியை நடுவில் நிறுத்த ஐஸ்கிரீம் குச்சி அல்லது துணிக்கிளிப், நீளமான மூங்கில் குச்சி, பழைய துண்டு, ஜாடிகள் கொள்ளும் அட்டைப்பெட்டியோ தெர்மாகோல் பெட்டியோ வேண்டும்.

3. எடைக் கணக்கு

ஜாடியைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, மெழுகு எதுவரை வேண்டுமோ அதுவரை தண்ணீர் ஊற்றுங்கள். 200 கிராம் காட்டினால் அதை 0.9-ஆல் பெருக்குங்கள். 180 கிராம், அதுதான் மெழுகும் வாசனையும் சேர்ந்த எடை. தண்ணீரைக் கொட்டிவிட்டு ஜாடியை நன்றாக உலர்த்துங்கள்.

வாசனை எண்ணெய் மெழுகின் எடையில் 5 சதவீதம். 6-ஐத் தாண்ட வேண்டாம். தாண்டினால் எண்ணெய் மேலே கசியும், கோலமும் கலங்கும். 180 கிராமை 1.05-ஆல் வகுத்தால் மெழுகு 171.4 கிராம், வாசனை 8.6 கிராம்.

ஆறு ஜாடிக்கு மெழுகு 1,028 கிராம் வரும். ஆறும்போது உள்ளே விழும் குழியைப் பிறகு நிரப்ப வேண்டியிருப்பதால் இன்னும் பத்துப் பன்னிரண்டு சதவீதம் சேர்த்து 1,150 கிராமாக வைத்துக்கொள்ளுங்கள். வாசனை 57 கிராம். இரண்டையும் கலந்தபின் மொத்தத்தில் சுமார் 125 கிராமைத் தனியாக நிறுத்திவிடுங்கள். பின்னால் தனியாகக் கலந்தால் நிறம் ஒத்துப்போகாது.

4. திரியும் ஜாடியும்

மெழுகு ஏற்றாத பச்சைத் திரியாக இருந்தால், 80 டிகிரி மெழுகில் முக்கி, குமிழி நிற்கும்வரை வைத்து, எடுத்து நேராக இழுத்துக் காயவிடுங்கள். திரிக்குள் காற்றும் ஈரமும் இருந்தால் பற்றவைத்ததும் படபடவென்று வெடிக்கும்.

அடித்தகட்டைச் சூடு தாங்கும் பசையால் ஜாடியின் நடுவில் ஒட்டுங்கள். சாதாரண இரட்டைப் பக்க டேப் 95 டிகிரி மெழுகில் பிடி விட்டுவிடும், திரி மிதக்கும். அச்சென்றால் அடித் துளையில் திரியை விட்டு, வெளிப்பக்கம் அச்சுக்கான களிமண் பசையை அழுத்தி அடைக்க வேண்டும். இங்கே சோம்பல்பட்டால் முழு மெழுகும் மேசையில் ஓடும். ஊற்றும் சூட்டில் பாம் மெழுகு நன்றாக இளகி ஓடும், ஊசிமுனை இடைவெளி போதும். அச்சை ஒரு தட்டில் வைத்தே ஊற்றுங்கள்.

ஊற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்பு ஜாடியை அல்லது அச்சை 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்குங்கள். ஓவன் இருந்தால் அதில், இல்லையென்றால் ஹேர் டிரையரால். குளிர்ந்த ஜாடியில் ஊற்றினால் இரண்டு நஷ்டம். சுவரில் பட்ட மெழுகு சட்டென உறைந்து கோலம் இல்லாமல் வெறும் வெள்ளையாகும். கண்ணாடி கொஞ்சம் மட்டமாக இருந்தால் விரிசலும் விடும்.

5. உருக்குதல்

பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் மெழுகுக் கூஜா. வெளித் தண்ணீர் மட்டம் உள்ளே இருக்கும் மெழுகின் மட்டத்துக்கு இருக்க வேண்டும். பாதி மட்டும் தண்ணீர் இருந்தால் மெழுகு வேண்டிய சூட்டுக்கு ஏறத் திணறும். தண்ணீர் நன்றாகக் கொதிக்க வேண்டும், கூஜாவை மூடி வைக்க வேண்டும். இப்படி வைத்தால் ஒரு கிலோ மெழுகு ஒரு மணி நேரத்துக்குள் 92 முதல் 95 டிகிரிக்கு ஏறும்.

ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் கவனியுங்கள். அந்த உயரத்தில் தண்ணீரே 93 டிகிரிக்குள் கொதித்துவிடுவதால், இந்த முறையில் மெழுகு 95-ஐத் தொடவே தொடாது. உருக்கியபின் கூஜாவைத் தண்ணீரிலிருந்து எடுத்து, ஈரம் துடைத்து, மிகக் குறைந்த சூட்டில் நேராக மின் அடுப்பில் வைத்து, தெர்மாமீட்டரை எடுக்காமல் கடைசி சில டிகிரியை ஏற்றுங்கள். அந்த நேரத்தில் ஒரு நொடிகூட விட்டுவிட்டுப் போகக் கூடாது.

கொதிக்கும் நீர் ஒரு சொட்டுக்கூட மெழுகில் விழக் கூடாது. விழுந்த தண்ணீர் அடியில் தங்கி, மெழுகுவர்த்தி எரியும்போது அந்த இடம் வந்ததும் சீறும். மூடியைத் திறக்கும்போது அதன் அடியில் கோத்த ஆவித் தண்ணீர் கூஜாவில் விழுவதுதான் வழக்கமாக நடப்பது. அதைப் பக்கவாட்டில் சரித்துத் திறவுங்கள்.

மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ எழும்பிப் பரவும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். சமையல் சோடாப் பொட்டலமோ உலர் மணலோ கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். தோலில் சூடான மெழுகு பட்டால் பிய்க்காமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்.

6. நிறம், வாசனை

முதலில் சாயம். மெழுகில் கரையும் சாயம் மட்டும். கிலோவுக்கு 1 கிராமுக்கும் கீழே தொடங்குங்கள். படிகத்தின் வெள்ளைக்கும் சாயத்துக்கும் உள்ள வேறுபாட்டில்தான் கோலம் தெரிகிறது. எனவே கரும்பச்சை, மரூன், கருநீலம் போன்ற அடர்நிறத்தில் எடுப்பாக இருக்கும், வெளிர் நிறத்தில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கேசரிப் பவுடர், கேக்குக்குப் போடும் கலர் எல்லாம் தண்ணீரில் கரைபவை, மெழுகில் அடியில் மணலாக உட்காரும். கிரேயான் துண்டு கரைவதுபோலத் தெரியும், ஆனால் அதன் நிறமித் துகள் திரியை அடைத்துவிடும். மஞ்சள்தூள், குங்குமம், சந்தனப்பொடியும் அப்படித்தான்.

கோலத்தைக் கூட்டுவதாகச் சொல்லி ஸ்டியரிக், வைபார் என்ற பாலிமர் போன்ற சேர்மானங்களைக் கடையில் கையில் திணிப்பார்கள். வைபார் படிகத்தையே அழித்துவிடும். பாம் மெழுகுக்கு எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

மெழுகு 93 டிகிரிக்கு மேல் இருக்கும்போது வாசனை எண்ணெயை ஊற்றி இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். அடித்துக் கலக்கினால் காற்று சேரும். எண்ணெய் சேர்த்ததும் சூடு ஓரிரு டிகிரி இறங்கும், திரும்ப 95-க்கு ஏற்றுங்கள்.

‘மெழுகுவர்த்திக்கு’ என்று குறிப்பிட்டு விற்கும் வாசனை எண்ணெய் வேண்டும். ஊதுபத்திக்குப் போடுவதும் அத்தரும் வேறு கரைப்பானில் இருக்கும், சரியாகக் கலக்காது, புகையும். வெனிலா வாசனை பெரும்பாலும் சில நாளில் மெழுகைப் பழுப்பாக்கும், வெள்ளை வேண்டுமென்றால் அதைத் தவிருங்கள். எலுமிச்சைப்புல், ஆரஞ்சு போன்ற இயற்கைத் தைலங்கள் இந்தச் சூட்டில் ஓரளவு ஆவியாகிவிடும், அவ்வளவு விலை கொடுத்து இதில் போடுவது வீண்.

காய்ந்த ரோஜா இதழ், காப்பிக்கொட்டை, பட்டை, மல்லிகை என்று மேலே அடுக்குவது படத்துக்கு அழகு. எரியும்போது அவை ஒவ்வொன்றும் தனித் திரியாகிவிடும். வேண்டாம்.

7. ஊற்றுதல்

95-ஐ ஒட்டி இருக்கும்போதே, சூடாக்கிய ஜாடியில் மெல்லிய தாரையாக, நிறுத்தாமல் ஊற்றுங்கள். திரியை நேராக்கிக் குச்சியில் நிறுத்துங்கள். ஜாடிக்கு ஜாடி குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். நெருங்கி இருந்தால் ஒன்றின் சூடு மற்றதன் ஒரு பக்கத்தை மட்டும் தாமதப்படுத்தி, கோலம் ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் விழும்.

மிச்சம் நிறுத்திய மெழுகைக் கூஜாவில் அப்படியே வைத்திருங்கள். அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

8. ஆறவைத்தல்

மின்விசிறியை நிறுத்துங்கள். ஏசியை நிறுத்துங்கள். ஜன்னல் காற்றும் வேண்டாம். நம் ஊர் வெக்கை மற்ற எல்லாவற்றுக்கும் தொந்தரவு, இதற்கு மட்டும் வரம். 32, 34 டிகிரி அறையில் பாதி வேலையை ஊரே செய்துவிடுகிறது.

மடித்த துண்டின் மேல் ஜாடிகளை வைத்து மேலே அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். கிரானைட் மேடையில் நேராக வைத்தால் அடிப்பக்கம் முந்திக்கொண்டு உறையும். மழைநாளிலோ மலைப்பகுதியிலோ அட்டைப்பெட்டிக்குப் பதில் தெர்மாகோல் பெட்டி. நகர்த்தக் கூடாது, தட்டிப் பார்க்கக் கூடாது, ஃபிரிட்ஜ் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

9. குழியைத் தேடி உடையுங்கள்

இந்தப் படிதான் பாம் மெழுகில் எல்லாம். தவறவிட்டால் கெடுவது அழகு மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு.

மெழுகு சுவரோரமும் மேற்பரப்பும் முதலில் உறைகிறது. நடுப்பகுதி கடைசியில் உறைந்து சுருங்கும்போது இழுக்க எதுவும் இல்லாமல் உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. பாரஃபினில் அது மேலே பள்ளமாக வெளியே தெரியும். பாம் மெழுகில் மேல் தளம் சமமாக, அழகாக இருக்கும், அடியில் பெருவிரல் நுழையும் அளவு பொத்தல் இருக்கும். எரியும்போது சுடர் அந்த இடத்துக்கு வந்ததும் உருகிய மெழுகு முழுவதும் உள்ளே இறங்கிவிடும், திரி நெட்டையாகத் தனித்து நிற்கும், சுடர் திடீரென உயரும்.

ஊற்றியதிலிருந்து 30 நிமிடம் கழித்துப் பார்க்கத் தொடங்குங்கள். மேலே ஆடை கட்டி, குச்சியால் அழுத்தினால் தோசை மாவு ஆடை போல நெகிழ வேண்டும். 200 மில்லி ஜாடிக்கு 40 முதல் 60 நிமிடத்தில் இந்தப் பதம் வரும். பெரிய தூணுக்கு ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். மூங்கில் குச்சியால் திரியைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில், ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை குத்துங்கள். சுவரோரம் போகாதீர்கள், கோலம் சிதையும். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை அதே துளைகளைத் திறந்து விட்டுக்கொண்டே இருங்கள். மொத்தம் இரண்டு மூன்று தடவை வரும். காத்திருந்து கெட்டியானபின் குத்தினால் மெழுகு பிளந்து சுவர்வரை கீறல் ஓடும்.

நடுப்பகுதி முக்கால்வாசி உறைந்ததும், தொட்டால் இளஞ்சூடாக இருக்கும்போது, மிச்ச மெழுகை மறுபடி 95-க்கு ஏற்றித் துளைகளில் ஊற்றுங்கள். முதலில் ஊற்றிய மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. போனால் சுவருக்கும் மெழுகுக்கும் நடுவில் இறங்கி, கோலத்தின் மேல் வெள்ளைப் பூச்சாகப் படியும். ஆறிய மெழுகை ஊற்றினாலும் ஒட்டாது, மேலே தனி வில்லையாக நிற்கும்.

நிரப்பியும் சந்தேகமா? மறுநாள் தராசில் வையுங்கள். 180 கிராம் கொள்ளும் ஜாடியில் 165 கிராம்தான் இருக்கிறதென்றால், மீதி உள்ளே காற்று. உடைத்து மறுபடி உருக்குவதுதான் வழி.

10. எடுத்தல், வெட்டுதல், காத்திருத்தல்

தூணை அச்சிலிருந்து எடுக்க 8 முதல் 12 மணி நேரம் விடுங்கள். அச்சைத் தொட்டால் சில்லென்றிருக்க வேண்டும். நன்றாகச் சுருங்குவதால் கவிழ்த்தாலே நழுவிவிடும், வராவிட்டால் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம், நெம்ப வேண்டாம். கையில் பிடித்து எடுங்கள். பாம் மெழுகு கெட்டி, ஆனால் நொறுங்கும், தரையில் விழுந்தால் மூலை உடைந்துவிடும்.

திரியை 5, 6 மில்லிமீட்டருக்கு வெட்டி மூடி வையுங்கள். வாசனை ஏற ஒரு வாரம்.

பாத்திரத்தைச் சிங்கில் கழுவிவிடாதீர்கள். மெழுகு குழாய்க்குள் போய் உறைந்தால் அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்து திட்டுவார். சூடாக இருக்கும்போதே பழைய செய்தித்தாளால் துடைத்தெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு சோப்பு போடுங்கள்.

11. எரித்துப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்

மூன்று திரி அளவில் மூன்று மெழுகுவர்த்தி. எடை போட்டு, பற்றவைத்து, நான்கு மணி நேரம் எரித்து, அணைத்து, முழுதாக ஆறியதும் மறுபடி எடை. அடி வரும்வரை இப்படியே. தாளில் குறித்து வையுங்கள்.

ஜாடியில் மூன்று, நான்கு மணி நேரத்தில் உருகிய குளம் கண்ணாடியைத் தொட வேண்டும். தொடாமல் நடுவில் கிணறு தோண்டினால் திரி மெல்லியது. ஒரு மணி நேரத்திலேயே தொட்டு, சுடர் ஆடி, கரி பிடித்து, கண்ணாடியைக் கையால் தொட முடியாத சூடு ஏறினால் திரி தடித்தது. தூணில் கணக்கு வேறு. குளம் விளிம்புக்கு 1 சென்டிமீட்டர் முன்பே நின்றுவிட வேண்டும். படிகங்களுக்கு நடுவே நுண்ணிய இடைவெளி இருப்பதால் சுவர் மெலிந்தால் மெழுகு கசிந்து மேசையில் வழியும். திரி நுனியில் கரிக்கொண்டை கட்டினால் ஓர் அளவு குறையுங்கள், அதோடு வாசனை 6 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்கு மணி நேரத்தில் 24 கிராம் குறைந்தால் மணிக்கு 6 கிராம். 180 கிராமுக்குச் சுமார் 30 மணி நேரம். கடைசி 1 சென்டிமீட்டரை எரிக்க விடக் கூடாது என்பதால் அதைக் கழித்துத்தான் பெட்டியில் எழுத வேண்டும்.

12. செலவு

விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். உங்கள் பில்லை வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள். கணக்குப் போடும் விதத்துக்காக மட்டும், மெழுகு கிலோ 300 ரூபாய், வாசனை கிலோ 2,500, ஜாடி 60, திரியும் தகடும் 5 என்று வைப்போம். ஆறு ஜாடிக்கு மெழுகு 345, வாசனை 143, ஜாடி 360, திரி 30. மொத்தம் 878, ஒன்றுக்குச் சுமார் 146 ரூபாய். இதில் ஜாடி மட்டும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். மலிவான மெழுகு தேடி அலைவதைவிட, அச்சில் தூணாக வார்த்தாலே செலவு பெரிதாக இறங்கும். சோதனைக்கு எரித்தவை, உடைத்து உருக்கியவை, கூரியர், மின்சாரம் எல்லாம் இந்த 146-க்கு வெளியே. முதல் மாதம் அவை மெழுகைவிட அதிகமாகவே வரும்.

சென்னைக்காரர்கள் பாரிமுனை, சவுகார்பேட்டைப் பக்கம் நேரில் போனால் கூரியர் மிச்சம். மெழுகு கனமான சரக்கு, ஆன்லைனில் கிலோ விலை குறைவாகத் தெரிந்தாலும் அனுப்பும் செலவைச் சேர்த்துப் பாருங்கள்.

13. விற்பதாக இருந்தால்

சிறு, குறுந்தொழில்களுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம், ஆதாரும் பானும் போதும். பணம் கேட்கும் தளம் இடைத்தரகருடையது. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் விற்றுமுதல், புதுச்சேரியில் 20 லட்சம். வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினால் இந்த வரம்பை மட்டும் பார்த்தால் போதாது, முதல் பார்சலுக்கு முன்பே கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள். மெழுகுவர்த்தியின் எச்எஸ்என் எண், அதாவது ஜிஎஸ்டியில் பொருளின் வகையைக் காட்டும் எண், 3406.

பெட்டியில் அடைத்து விற்றால் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் பொருந்தும். தயாரித்தவர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதம், ஆண்டு, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு ஆகியவை லேபிளில் வேண்டும். நிகர எடையில் ஜாடியைச் சேர்க்கக் கூடாது. பொட்டலமிடுபவர் பதிவும் உண்டு. தொடங்கிய 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 500 ரூபாய். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை.

அனுப்பும்போது குமிழிப் பிளாஸ்டிக்கை நேராக மெழுகில் சுற்றாதீர்கள். வெயிலில் அதன் வட்ட வட்டத் தடம் கோலத்தின் மேல் பதிந்துவிடும். முதலில் பட்டர் பேப்பர், அதற்கு மேல்தான் மற்றது.